விண்ணில் ஒரு கூட்டுக் குடித்தனம்

உத்திரமேரூர்ப் பகுதியிலுள்ள காவாந்தண்டலத்தின் வயல்வெளியில், விளக்கு வைத்த சற்று நேரத்துக்குப் பின் நின்று மேலே நோக்குவோர், சில நாள்களில் ஓர் ஒளிப்புள்ளி இமைக்காமலும் ஓசையின்றியும் வானத்தைக் கடந்து செல்வதைக் காணலாம். அது விண்மீன் அன்று, விமானமும் அன்று. பன்னாட்டு விண்வெளி நிலையம் என்பது அதன் பெயர். நம் ஊரிலிருந்து மதுரை எவ்வளவு தொலைவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் உயரம். சுமார் 400 கிலோமீட்டர். 90 நிமிடங்களுக்கு ஒருமுறை அது உலகை வலம் வந்துவிடுகிறது. 2000ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் தொடங்கி, மனிதர் குடியிராத நாள் ஒன்றுகூட அதற்கு இருந்ததில்லை.

அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், கனடா, ஐரோப்பிய நாடுகள் பதினொன்று என 15 நாடுகள் 1998 ஜனவரியில் செய்துகொண்ட உடன்பாட்டின் பேரில் எழுந்த வீடு அது. அதனைப் பேசும்போதெல்லாம் சகோதரத்துவம், மானிட ஒற்றுமை, எல்லைகளற்ற உலகு என்னும் சொற்கள் தாமாகவே வந்து விழுகின்றன. நாம் அச்சொற்களை ஐயுறவில்லை. ஆயினும் அவற்றுக்குள் சற்று இறங்கிப் பார்க்க விரும்புகிறோம். ஒருவரையொருவர் நம்பாதவர்கள், நேசிக்காதவர்கள், ஏன், அஞ்சுகிறவர்கள், தேவையின் பொருட்டு ஒரே கூரையின்கீழ்க் கூடி வாழ்ந்தால், அந்தக் கூட்டுறவை அறம் என்போமா, இல்லை கெட்டிக்காரத்தனமான கொடுக்கல் வாங்கல் என்போமா? இக்கேள்வி விண்வெளிக்கு மட்டும் உரியதன்று. நம் கூட்டுக் குடும்பங்களும், ஊர்ப் பஞ்சாயத்துகளும், பங்குப் பேரவைகளும் எந்நாளும் இதனையே வேறு வடிவில் சந்திக்கின்றன.

1975ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் அமெரிக்காவின் அப்பல்லோ கலமும் சோவியத் ஒன்றியத்தின் சோயுஸ் கலமும் விண்ணில் இணைந்தன. டாமஸ் ஸ்டாஃபோர்டும் அலெக்சி லியோனவும் வாயிற்படியில் கைகுலுக்கிக்கொண்ட படம் உலகெங்கும் சென்றது. நம் மனத்தில் நிற்பது அந்தக் கைகுலுக்கலன்று. அதற்கு முன் நடந்த இரண்டு சிறு ஏற்பாடுகள். அந்நாளில் இரு கலங்கள் இணைய வேண்டுமாயின் ஒன்று நுழைவதாகவும், மற்றொன்று ஏற்பதாகவும் அமைந்திருக்கும். ஏற்கும் தரப்பாக இருக்க எவரும் இசையவில்லை. கௌரவம் இடம் தரவில்லை. ஆகவே இரு பக்கத்தும் ஒரே வடிவினதாக, எதுவும் நுழையலாம் எதுவும் ஏற்கலாம் என்னும்படி ஒரு வளையத்தைப் பொறியாளர்கள் அமைத்தனர். தற்பெருமையிலிருந்து ஒரு சமத்துவம் பிறந்தது எனலாம். மற்றொன்று மொழி. தத்தம் மொழியில் பேசினால் எதிராளிக்கு விளங்கவில்லை. எனவே அமெரிக்கர் ரஷ்ய மொழியிலும் ரஷ்யர் ஆங்கிலத்திலும் பேசுவதென்று வைத்துக்கொண்டனர். பேசுகிறவன் தடுமாறினால் போகட்டும், கேட்கிறவனுக்குத் தெளிவாக இருக்க வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. ஸ்டாஃபோர்டின் ஒக்லஹோமா உச்சரிப்பை வைத்து லியோனவ் வாழ்நாளெல்லாம் கேலி பேசினார். 2019இல் லியோனவ் இறந்தபோது மாஸ்கோ சென்று இரங்கலுரை ஆற்றியவர்களுள் ஸ்டாஃபோர்டும் ஒருவர். நட்பு முதலில் வந்து வளையம் பின்னர் வரவில்லை. வளையம் முதலில் வந்தது.

விண்வெளி நிலையத்திலும் இவ்வாறே. அதன் பாதை நிலநடுக்கோட்டுக்கு 51.6 பாகை சாய்ந்திருக்கிறது. கசகஸ்தானத்தின் பைக்கோனூரிலிருந்து எழும் ரஷ்ய ராக்கெட்டுகள் அதனை எட்ட வேண்டும் என்பதே அச்சாய்வுக்குக் காரணம். புளோரிடாவிலிருந்து புறப்பட்ட அமெரிக்க விண்ணோடத்துக்கு அது வீண் பாடு; ஒவ்வொரு பயணத்திலும் பல டன் சரக்கைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. அடுத்த வயலுக்கு வாய்க்கால் போகட்டுமென்று தன் நிலத்தில் ஒரு துண்டை விட்டுக்கொடுப்பதற்கு நிகர் இது. விலையின்றி வந்த ஒற்றுமை அன்று.

அதோடு நிற்கவில்லை. நிலையத்தின் ரஷ்யப் பகுதிக்குத் தேவையான மின்சாரத்தின் பெரும்பங்கு அமெரிக்கப் பகுதியின் சூரியத் தகடுகளிலிருந்து செல்கிறது. மெல்லிய காற்றின் உராய்வால் நாளடைவில் தாழ்ந்துகொண்டே வரும் நிலையத்தை மீண்டும் மேலே தள்ளிவிடும் வேலையைப் பெரும்பாலும் ரஷ்ய எந்திரங்கள் செய்துவந்துள்ளன. ஒருவர் விளக்கையும் மற்றவர் அடுப்பையும் வைத்திருக்கும் வீடு இது. கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போக இருவராலும் இயலாது.

இந்த ஏற்பாட்டுக்குக் கடுஞ்சோதனை 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் வந்தது. ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் புகுந்தன. அமெரிக்கா தடைகள் விதித்தது. ரஷ்ய விண்வெளித் துறையின் அன்றைய தலைவர் பகிரங்கமாக மிரட்டும் தொனியில் பேசினார். அமெரிக்க வீரர் மார்க் வாண்டே ஹை அப்போது மேலே இருந்தார். அவர் திரும்பிவர இடம் வைக்கப்பட்டிருந்ததோ ரஷ்யக் கலத்தில். மார்ச் 30ஆம் நாள் இரண்டு ரஷ்யத் தோழர்களுடன் அவர் கசகஸ்தானப் புல்வெளியில் பத்திரமாக இறங்கினார். அதே ஆண்டின் பிற்பகுதியில், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, இரு நாடுகளும் தம் கலங்களில் இருக்கைகளைப் பண்டமாற்றாகப் பரிமாறிக்கொள்ளத் தொடங்கின. அமெரிக்கர் ஃபிராங்க் ரூபியோ சோயுஸில் சென்றார். ரஷ்யப் பெண்மணி அன்னா கிகினா அமெரிக்கக் கலத்தில் சென்றார். ரூபியோவின் சோயுஸில் குளிர்விப்பு நீர்மம் கசிந்துவிட, மாற்றுக் கலம் அனுப்பப்பட்டு, ரூபியோவும் இரு ரஷ்யத் தோழர்களும் 371 நாள்களுக்குப் பின்னரே மண்ணை மிதித்தனர்.

இவற்றைச் சொல்லி நிறுத்திவிட்டால் நாம் பாதி உண்மையே சொன்னவர்களாவோம். 2022 ஜூலையில், ஆக்கிரமிக்கப்பட்ட உக்ரைன் பகுதிகளின் பெயரால் எழுப்பப்பட்ட கொடிகளை மூன்று ரஷ்ய வீரர்கள் அதே நிலையத்துக்குள் விரித்துப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டனர். மேலே போனால் பகை கரைந்துவிடும் என்பது கவிதை. பகை, கூடவே பயணம் செய்கிறது. கரையாமலிருந்தும் அது கொலையாக மாறாமல் தடுத்தது எது என்பதே ஆராயத்தக்கது. அன்பு தளர்ந்த நாளில் வீட்டைத் தாங்கியவை, அன்பு இருந்த நாளில் போட்டு வைத்த கட்டுமானங்களே. நல்ல மனநிலையில் இருக்கும்போது, பிற்காலத்துத் தீய மனநிலைக்கு எதிராகத் தன் கைகளைத் தானே கட்டிக்கொள்வது, நம் எண்ணத்தில், வெறும் கெட்டிக்காரத்தனமன்று. மணவாழ்வின் வாக்குறுதியும் இவ்வகையினதே அன்றோ? உள்ளம் பொங்கும் நாளில் கொடுத்த சொல்லே உள்ளம் வறண்ட நாளில் இருவரையும் தாங்குகிறது. ஆகவே தேவையால் வந்த பிணைப்பு அறம் ஆகாது என்று தள்ளிவிட நாம் ஆயத்தமாக இல்லை. பிறரைச் சார்ந்திருக்கத் துணிந்து உடன்படுவதும் ஒரு தாழ்ச்சிதான்.

2011ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் வத்திக்கானிலிருந்து விண்வெளி நிலையத்தாருடன் உரையாடினார். விண்ணிலிருப்போருடன் பேசிய முதல் திருத்தந்தை அவரே. வீரர்களுள் மார்க் கெல்லியின் மனைவி, சில திங்களுக்கு முன் துப்பாக்கிச் சூட்டில் தலையில் காயமுற்றவர். இத்தாலியர் பவுலோ நெஸ்போலியின் தாயார், மகன் மேலே இருக்கும்போதே இறந்துபோனார். இருவருக்கும் ஆறுதல் கூறிய திருத்தந்தை, உலகின் வன்முறையைப் பற்றியும் அமைதிக்கு அறிவியல் ஆற்றக்கூடிய தொண்டைப் பற்றியும் கேட்டார். கெல்லியின் மறுமொழி இக்கருத்துப்பட அமைந்தது: எல்லைகள் மேலிருந்து தெரிவதில்லை, கீழே மக்கள் எரிபொருளுக்காகவும் வளங்களுக்காகவும் சண்டையிடுகின்றனர், நாங்களோ இங்கே கதிரவனின் ஆற்றலைப் பயன்படுத்துகிறோம். நல்ல மறுமொழிதான். ஆனால் எல்லாம் மிகுதியாக இருந்தால் சண்டை வராது என்பதை அறம் என்று கூற முடியாது. வயிறு நிறைந்தவர் பந்தியில் முந்துவதில்லை, அவ்வளவே. மேலும் அந்நிலையத்தில் கதிரொளியைத் தவிர மற்ற யாவும் அளந்து வைத்தவையே. வியர்வையும் சிறுநீரும்கூடத் தூய்மையாக்கப்பட்டு மீண்டும் குடிநீராகின்றன. பற்றாக்குறைக்கு நடுவே அவர்கள் பகிர்ந்து வாழ்கிறார்கள் என்பதுதான் கெல்லி சொன்னதைவிடப் பெரிய செய்தி.

பற்றாக்குறைக்கு நடுவே பகிர்வதைப் பற்றி, பாலாறும் செய்யாறும் கூடும் திருமுக்கூடலுக்கு அண்மையில் வாழ்வோர்க்கு வெளியிலிருந்து எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளை ஒட்டி உத்திரமேரூரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு எடுத்தனர். ஏரியைக் காக்க ஏரி வாரியம், தோட்டங்களுக்குத் தோட்ட வாரியம், எல்லாவற்றிற்கும் மேலாகச் சம்வத்சர வாரியம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவனுடைய உறவினரும் முடியாது. ஏரியைக் காத்தவர்கள் ஒருவரையொருவர் நேசித்தார்கள் என்று கல்வெட்டு எங்கும் கூறவில்லை. நேசியாதவரும் நீரைப் பாழாக்காதிருக்க விதி செய்து வைத்தார்கள். ஆயினும் அதே கல்வெட்டை இன்னொரு முறை படிக்க வேண்டும். குடத்தில் ஓலை விழ வேண்டுமானால் வரி செலுத்தும் கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனை வேண்டும், வேதக் கல்வி வேண்டும். அந்த ஏரியின் சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்களின் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை. கூட்டுறவைப் போற்றும்போது கூட்டத்துக்கு வெளியே நிற்பவர் யார் என்று கேளாமல் விடுவது நம் பழைய நோய்.

விண்வெளி நிலையத்தின் குடத்திலும் இப்படி ஒரு கதை உண்டு; அது நம்மைப் பற்றியது. 1991இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம், கிரையோஜெனிக் என்னும் கடுங்குளிர் எந்திரங்களையும் அவற்றின் தொழில்நுட்பத்தையும் பெற சோவியத் நாட்டின் கிளாவ்காஸ்மாஸ் அமைப்புடன் ஒப்பந்தம் செய்தது. ஏவுகணைக்கும் அது பயன்படும் என்று கூறி 1992இல் அமெரிக்கா இரு நிறுவனங்களின் மீதும் தடை விதித்தது. எரிபொருளாகத் திரவ ஹைட்ரஜனை நிரப்பிக் காத்திருக்க வேண்டிய எந்திரம் போர்க்கருவிக்கு ஏற்றதன்று என்று நம்மவர் எவ்வளவோ எடுத்துரைத்தும் பயனில்லை. 1993 ஜூலையில் ரஷ்யா பணிந்தது. எந்திரங்கள் வரும், தொழில்நுட்பம் வராது என்றாயிற்று. அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவும் ரஷ்யாவும் கூட்டாக விண்வெளி நிலையம் அமைப்பதென அறிவித்தன. இரண்டும் தற்செயலாக அடுத்தடுத்து வந்தவையல்ல. நமக்குக் கதவை அடைத்தது, அவர்கள் கதவு திறந்ததற்குக் கொடுத்த விலையின் ஒரு பகுதி. பனிப்போர்ப் பகைவர் இருவர் கைகோத்ததை உலகம் கொண்டாடிற்று. திருநெல்வேலிச் சீமையில் மகேந்திரகிரி மலையடிவாரத்துச் சோதனைக் கூடத்தில் நம் பொறியாளர்கள் முதலிலிருந்து தொடங்கினர். 2010இல் முதல் முயற்சி தோற்றது. 2014ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள்தான் நம் சொந்தக் கிரையோஜெனிக் எந்திரம் பழுதின்றி ஒரு செயற்கைக்கோளை மேலேற்றியது. இருபது ஆண்டுகள்!

தன்னந்தனியே நின்று கற்றதால் நமக்கு நன்மையே விளைந்தது என்று பெருமை பேசுவோர் உளர். இருக்கலாம். ஆயினும் பின்னர் வந்த நன்மை முன்னர் நடந்த புறக்கணிப்பை நியாயமாக்காது. 2011 முதல் அமெரிக்கச் சட்டமொன்று சீனாவுடனான இருதரப்பு விண்வெளி ஒத்துழைப்பைத் தடுத்து வைத்திருக்கிறது. சீனர் தாமாகவே தியான்கோங் என்னும் நிலையத்தை 2022இல் கட்டி முடித்துவிட்டனர். இப்போது வானத்தில் இரண்டு வீடுகள். இடையில் வாசல் இல்லை.

வெளியே நிற்பவர்களில் இன்னொரு வகையினர் உண்டு. இவர்கள் தடுக்கப்பட்டவர்கள் அல்லர், கொடுத்தவர்கள். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவை நினைத்துப் பார்ப்போம். பூமியின் காந்த நடுக்கோடு அவ்வழியே செல்வதால், மேல் வளிமண்டலத்தை ஆராய அதனினும் ஏற்ற இடம் இல்லை என்று விக்ரம் சாராபாய் முதலிய அறிஞர் கண்டனர். அங்கே இருந்ததோ மீனவர் குடியிருப்பு. நடுவே புனித மகதலா மரியாள் ஆலயம். ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவை அறிஞர்கள் அணுகினர். ஆயர் ஞாயிறு வழிபாட்டில் மக்களிடமே கேட்டார் என்றும், அவர்கள் ஆமென் என்று இசைந்தனர் என்றும் அப்துல் கலாம் பலமுறை கூறியுள்ளார். ஆலயமும் ஆயரின் இல்லமும் பணிக்கூடமும் அலுவலகமுமாக மாறின. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் முதல் ராக்கெட் எழும்பியது. ராக்கெட் அமெரிக்காவினது, அதனுள் இருந்த சோடிய ஆவிக் கருவி பிரான்சினது, கடற்கரையைக் கண்காணித்த ஹெலிகாப்டர் சோவியத்தினது. கியூபாவைச் சுற்றி அணுப்போர் மூளும் நிலை ஏற்பட்டு அப்போது ஓராண்டும் சில வாரங்களுமே ஆகியிருந்தன. பளுதூக்கியில் எண்ணெய் கசிந்துவிட, ராக்கெட்டைக் கடைசியில் ஆள்கள் கூடித்தான் கையால் தூக்கி நிறுத்த நேர்ந்தது என்பதும் கலாம் எழுதியுள்ளதே. அன்று மாலை வானில் சோடியம் செம்மஞ்சள் மேகமாய் ஒளிர்ந்தது. 1968 பிப்ரவரி 2ஆம் நாள் இந்திரா காந்தி அம்மையார் அந்நிலையத்தை ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார்.

கத்தோலிக்கராகிய நமக்கு இக்கதை இனிக்கிறது. விசுவாசமும் அறிவியலும் கைகோத்த இடம் என்று மேடைதோறும் சொல்லிவருகிறோம். சொல்வதில் தவறில்லை. ஆனால் ஆயர் கேட்க, பீடத்தின் முன் நின்றுகொண்டு, முடியாது என்று சொல்ல எத்தனை மீனவர் துணிந்திருப்பர்? கொடுத்தவர் மனம் பெரியது என்பதை மறுக்கவில்லை; கேட்ட இடமும் கேட்ட விதமும் அதற்குத் துணை நின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மக்கள் இடம்பெயர்ந்தனர், வேறிடத்தில் புதிய ஆலயம் எழுந்தது. பழைய ஆலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். வல்லரசுகள் மூன்று ஒரு கடற்கரையில் சந்திக்க இயன்றது, அக்கடற்கரையை விட்டு எழுந்து சென்றவர்களால். அவர்களுடைய பெயர்களை நாம் எந்தப் பலகையிலும் படித்ததில்லை. தூத்துக்குடி மாவட்டத்தில், மணப்பாட்டுக்கு அண்மையிலுள்ள குலசேகரன்பட்டினத்தில், இரண்டாம் ஏவுதளத்துக்கு 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டுள்ளது. அங்கும் நிலம் கொடுத்தவர் உண்டு. ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குள் போக வேண்டாம் என்று சொல்லப்படுகிறவர் அங்கும் இருப்பர்.

நம் நாட்டவர் விண்ணுக்குச் சென்றதும் பிறர் தோளில் ஏறியே. 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா சோவியத் கலத்தில் சென்றார். உடன் சென்ற மாலிஷெவ், ஸ்ட்ரெகலோவ் ஆகியோரின் பெயரை இன்று நம்மில் யார் நினைவில் வைத்திருக்கிறோம்? சோவியத் நாடு தன் தோழமை நாடுகளுக்கெல்லாம் அப்படி ஓர் இருக்கை அளித்து வந்தது. 1978இல் போலந்துக்கு, 1980இல் ஹங்கேரிக்கு. 2025ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் சுபான்ஷு சுக்லா அமெரிக்கத் தனியார் கலத்தில் புறப்பட்டபோது, தலைவி பெக்கி விட்சனுடன் சென்ற மற்ற இருவர் ஒரு போலந்துக்காரரும் ஒரு ஹங்கேரியரும் என்பது வேடிக்கையான ஒற்றுமை. அன்று நட்பின் பெயரால் கிடைத்த இடம் இம்முறை கட்டணத்தின் பெயரால் கிடைத்தது. நமக்கு ஆன செலவு ஏறத்தாழ 550 கோடி ரூபாய் என்று செய்தித்தாள்கள் எழுதின. அன்றைய நட்பிலும் அரசியல் கணக்கு இருந்தது. இன்றைய கட்டணத்திலும் ஓரளவு நட்பு இருக்கலாம். சுக்லா அங்கே வெந்தயமும் பச்சைப் பயறும் முளைக்க வைத்தார். அந்த முளைகளைப் பார்க்க நம் ஊர் உழவர்களுக்கும் ஆசை இருக்கும்.

பன்னாட்டு நிலையத்தை 2030ஆம் ஆண்டோடு முடித்து, அடுத்துப் பசிபிக் கடலில் ஆளற்ற பகுதியில் விழச் செய்வதென்று அமெரிக்கா திட்டமிட்டிருக்கிறது. நிலவுக்குப் போகும் வழியில் இப்போதே இரண்டு அணிகள் பிரிந்து நிற்கின்றன: ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டினர் ஒருபுறம், சீனாவும் ரஷ்யாவும் மறுபுறம். இந்தியா 2023 ஜூனில் முன்னதில் கையெழுத்திட்டது. 2035க்குள் சொந்த விண்வெளி நிலையம் ஒன்றை அமைக்கவும் திட்டமிட்டுள்ளது. அன்று வாசலில் காத்து நின்றவர் நாளை வீட்டுக்காரராகப் போகிறார். 2017 மே மாதத்தில் தெற்காசிய நாடுகளுக்கென நாம் ஒரு செயற்கைக்கோளை அனுப்பியபோது இலங்கை, நேபாளம், வங்கதேசம், பூட்டான், மாலத்தீவு, ஆப்கானிஸ்தான் ஆகியவை சேர்ந்தன; பாகிஸ்தான் விலகி நின்றது. மனிதர் குடியிருக்கும் வீட்டுக்கு யாரை அழைப்போம், எந்த விதியின்படி, கணக்கை யாரிடம் காட்டுவோம் என்பது பற்றி நம் செய்தித்தாள்களில் இன்னும் பேச்சு எழவில்லை. ராக்கெட்டின் எடையைப் பற்றித்தான் எழுதுகிறார்கள்.

2025ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் ஸ்பேடெக்ஸ் என்னும் சோதனையில் நம் சிறு கலங்கள் இரண்டு விண்ணில் இணைந்தன. அவற்றின் இணைப்பு வளையத்தை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் இருபுறமும் ஒரே வடிவில் அமைத்திருக்கிறது; 1975இல் அமெரிக்கரும் ரஷ்யரும் கண்டுகொண்ட அதே முறை. இரண்டில் எது வேண்டுமானாலும் நுழையலாம், எது வேண்டுமானாலும் ஏற்கலாம்.